பொன்மணியின் நாலாவது விரல்

கால்விரல் ஒடிந்தால் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டினாலே பெரும்பாலும் போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. பலருக்கு இது தெரிவதில்லை. இடையில் கொஞ்சம் பஞ்சு வைக்க வேண்டும். கட்டிய பிறகு நுனி நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். விஸ்வநத்தத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருடமாக இதைச் சொல்லித் தருகிறேன். முதலுதவிப் பொறுப்பாளர் அகஸ்டின் என்றால் வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும்.

போன வருடப் பாதுகாப்பு விழாவில் எங்கள் தொழிலாளி மாரிக்கண்ணனின் நல்ல கால்விரலில் கட்டிக் காட்டினேன். அவனுக்குக் கூசியது, நெளிந்தான். முன்வரிசையில் இருந்த பொன்மணி, "ஒடியாத வெரலுக்கு எதுக்கு சார் கட்டு? அடுத்த வருசம் ஒடிச்சிட்டுக் கட்டுங்க, நாங்க சிரிக்க மாட்டோம்" என்றாள். பந்தலே சிரித்தது. மேடையில் மேனேஜரும். எனக்கென்று வைத்திருந்த பொன்னாடையை மைக்செட்காரருக்குப் போர்த்தினார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பயிற்சியில் குறை இருந்தது.

இந்த வருடம் சரிசெய்தேன். வெடிமருந்து அறைக்குள் செருப்பு போடக்கூடாது என்பது விதி, அது வசதியாயிற்று. விழா நாள் காலை, தீயணைக்க வைத்திருக்கும் மணல் வாளியைப் பொன்மணியின் இடது காலில் போட்டேன். கை தவறிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். "நீங்க பதறாதீக சார்" என்று அவளே எனக்கு ஆறுதல் சொன்னாள். கைவிரலை நான் தொடவில்லை, கவனியுங்கள். திரி செருகுகிற கை அது. பெருவிரலும் இல்லை; நடக்க வேண்டுமே. நாலாவது விரல் யாருக்கும் பெரிதாகத் தேவைப்படுவதில்லை.

ஐஸ் வைக்கவில்லை. வீக்கம் வடிந்தால் கடைசி வரிசைக்குத் தெரியாது. மாத்திரையும் கொடுக்கவில்லை. சிறப்பு விருந்தினர் மூன்று மணி நேரம் தாமதம். அது என் தவறல்ல. மேடையில் இறுக்கிக் கட்டினேன். போட்டோ சரியாக விழவில்லை என்றார்கள். அவிழ்த்து, இன்னும் இறுக்கிக் கட்டினேன்.

சாயங்காலம் வந்தாள். "வெரலு கருப்பா இருக்கு சார். கிள்ளுனாக்கூடத் தெரியல. அவுத்து விடுங்க."

கட்டோடு இன்னொரு படம் வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். "மூணு நாள் இருக்கட்டும்மா" என்றேன்.

நாலாம் நாள் விருதுநகரில் ஆபரேஷன். இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டியிருந்தேன். இரண்டையும் சேர்த்தே எடுத்தார்கள்.

இந்த முறை பொன்னாடை எனக்குத்தான். அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள், முழுக்கப் பயிற்சிக்காக. பந்தலில் முந்நூறு பேர் இருந்தார்கள், ஐயா. அவள் கத்தியபோது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.