துரைக்கு வைத்த மீன் குழம்பு

ஜிலேபிக் கெண்டையில் முள் அதிகம் என்கிறவர்களுக்குச் சாப்பிடத் தெரியாது, அய்யா. நடுமுள்ளைப் பிடித்து ஒரே இழுப்பு, அம்புட்டுத்தான். ஆத்தூர் நீர்த்தேக்கத்தில் பிடித்த அன்றே குழம்பு வைத்துவிட்டால் அந்த ருசிக்கு ஈடே கிடையாது. உட்காரச் சொல்லி டீயும் வாங்கிக் கொடுத்தீர்கள், அதனால் இதையும் சொல்லிவைத்தேன். மற்றதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என் பெயர் சூசைமுத்து. கரையில் மீன்காரர் குடிசைகளுக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டின பழைய பங்களா இருக்கிறதே, அதற்கு நான்தான் வாட்ச்மேன். அங்கே துரையின் பேய் உலாத்துவதாக ஊரெல்லாம் பேச்சு. உலாத்திவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? வெள்ளிக்கிழமைதோறும் பரிசல் இறக்குவதற்கு முன்னால் மீன்காரர்கள் வாசலில் படையல் வைப்பார்கள். செத்தவருக்கு உயிரோடு இருக்கையில் எது பழக்கமோ அதைத்தான் வைப்பார்கள். துரைக்கு மீன் குழம்பும் சோறும், சுருட்டு, கொஞ்சம் பிராந்தி. வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். மறுநாள் சட்டி காலியாக இருந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி.

அந்த நிம்மதியை நான் கொடுத்துவந்தேன். நான் வேதக்காரன், வெள்ளிக்கிழமை கறி தொடமாட்டேன். மீனுக்கு அந்தத் தடை இல்லை. வயிற்றுக்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அந்த வீட்டின் பேருக்காகச் செய்தேன்.

இரண்டாயிரத்து மூன்றில்தான் பிராங்க்ளின் வாத்தியார் வந்தார். ரிட்டயர் ஆனவர், பிள்ளைகுட்டி கிடையாது, பழைய கட்டடம் என்றால் உயிர். தங்கமான மனிதர். சாயங்காலமானால் பங்களா மாடிக்கு வந்து உட்கார்ந்து எனக்கும் சேர்த்து டீ ஊற்றுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர், மீன்காரர்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்:

"தொரை இந்த வீட்ல சாகவே இல்லப்பா. கொடைக்கானல்ல செத்துருக்காரு. கல்லறையப் போயி கண்ணால பாத்துட்டு வந்துட்டேன்."

இந்தச் சனம் நம்பாது என்றுதான் நினைத்தேன். ஆனால் பரிசல்காரர் உடையப்பனின் பெண்சாதி பேச்சாயி எழுந்து, "அதான பாத்தேன். அம்புட்டுக் குளுமைய விட்டுப்புட்டு இந்த வெக்கையில வந்து உலாத்த தொரைக்கு என்ன கிறுக்கா?" என்றாள். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அந்த வெள்ளிக்கிழமை சட்டி வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேய் இல்லாத பங்களாவை யார் மதிப்பார்கள்? ஆடு கட்டுவார்கள், சீட்டாடுவார்கள். பொறுமையாக யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டுக்கு ஒரு குறைதான், அதில் யாரும் சாகவில்லை. முதலில் என்னைத்தான் நினைத்தேன். ஆனால் நான் செத்துவிட்டால் சட்டியை யார் காலி செய்வது? அடுத்தபடி அந்த வீட்டின் மேல் பிரியம் உள்ளவர் வாத்தியார் ஒருவர்தான்.

மாடி மரக் கைப்பிடியில் ஆணிகளை நான்தான் கழற்றினேன். நாலு மணி டீக்கு வந்தவரை, "சார், தண்ணியில புதுசா ஏதோ பறவ எறங்கிருக்கு, செத்த வந்து பாருங்க" என்று கூப்பிட்டேன். ஆசையாக வந்தார்.

"சூசை, இது ஆடுதேப்பா."

"பழசு சார். ஆடத்தான் செய்யும். நல்லாச் சாஞ்சு பாருங்க."

சொன்ன பேச்சைக் கேட்கிற மனிதர். அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். மூச்சு இல்லை. தவறி விழுந்தார் என்று உங்கள் ஆட்களே எழுதிக்கொண்டு போனார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நினைத்தபடியே அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சாயி சட்டியோடு வந்தாள். அவள் தலை மறைந்ததும் மூடியைத் திறந்தேன். கேப்பைக் கூழ். பக்கத்தில் அவித்த புடலங்காய், ஒரு தூக்கில் சர்க்கரை போடாத டீ.

அவள் பின்னாலேயே ஓடிப்போய், "என்ன தாயி, மீன் வெஞ்சனம் எங்க?" என்று கேட்டேன்.

"வாத்தியாருக்கு சுகருண்ணே. டாக்டரு சொன்னதுலருந்து மனுசன் மீனத் தொட்டதில்ல. செத்த மனுசன் மனசு கோணலாமா?"

தினமும் என் எதிரில் உட்கார்ந்து அவர் குடித்ததும் அதே சர்க்கரை இல்லாத டீதான். எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். கனவில் வந்து கெண்டைக் குழம்பு கேட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். சுகர் ஏறிவிடும் என்று சொல்லி அன்றைக்குக் கூழில் வெந்தயத்தையும் சேர்த்துவிட்டாள்.

ஏழு மாதம் அதையும் தின்று தீர்த்தேன், அய்யா. சட்டி காலியாகவில்லை என்றால் வாத்தியார் பேய்க்கு மரியாதை என்ன ஆவது? இனி என்னால் முடியவில்லை. ஆமாம், பிராங்க்ளின் வாத்தியாரைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போடவேண்டும், காட்டுங்கள். மறுபடியும் சொல்கிறேன், வயிற்றுக்காகச் செய்யவில்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஜெயிலில் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கறி போடுகிறார்களாமே, நிஜந்தானா?