தோத்துப்போன கப்பல்

— இழுவைக் கயித்த மேல வீசாதீங்க மாமா. நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க.

— நேரமில்ல செம்பியா. தட்சிணாமூர்த்தியோட டக்போட்டுதான் இந்தக் கப்பல இழுக்கணும்னு கடலூரு துறைமுக ஆபீசுல என் பேரு போட்டு எழுதியிருக்காங்க, கேட்டியா. சாயங்காலம் பாண்டிச்சேரிக்கு நேரா, சண்டையில ஜெயிச்சவன் கப்பலு வந்து நிக்கும். இத அவன்கிட்ட ஒப்படைக்கணும்.

— ஒப்படைச்சா இத வச்சு என்னா செய்வான், தெரியுமா?

— நம்ம வேல இழுக்கறது.

— இந்தக் கப்பல்காரங்க நாடு சரண்டர் ஆயிடுச்சு. இந்தக் கப்பல் கேப்டனோட சொந்தத் தீவு மட்டும் இன்னும் அடங்கல. அவுரு பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க அங்கதான் இருக்காங்க. இந்தக் கப்பல் பீரங்கிய வச்சே அந்தத் தீவ அடிக்கப் போறாங்களாம்.

— அதுக்கு?

— அதான் கேப்டன் கப்பல முழுவடிக்கப் போறாரு. மாலுமிங்க நாப்பது பேரும் நேத்தே எறக்கி சிதம்பரம் கல்யாண மண்டபத்துல தங்க வச்சுட்டாங்க. அவுரு மட்டும் கீழ, கடல் தண்ணிய உள்ள விடுற வால்வுகிட்ட ஒக்காந்திருக்காரு. மேல வரமாட்டாராம்.

— நீ என்னா பண்ண?

— வால்வு துரு புடிச்சுக் கெடந்துது. நாந்தான் தொறந்து குடுத்தேன்.

— அறிவிருக்கா? இஞ்சின் ரிப்பேருக்கு வந்தவன் கப்பலையே முழுவடிச்சான்னு உன்னத் தூக்கி உள்ள வைப்பாங்க. உங்கக்கா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?

— எனக்கும் பயமாத்தான் இருக்கு மாமா. அந்தப் பொண்ணுங்க போட்டோவக் காட்டுனாரு. முடியாதுன்னு சொல்ல வாய் வரல.

— தண்ணி எவ்ளோ ஏறியிருக்கு?

— முழங்காலு மட்டும்.

— எறங்கிப் போயி மூடு.

— மாமா...

— மூடுன்னா மூடு.

— நீங்களும் அவுங்க பக்கந்தானா?

— டேய், இங்க ஏழு பாகம், நாப்பது அடி ஆழந்தான், கேட்டியா. இங்க முழுவுனா கொடிக்கம்பம் வெளிய நிக்கும். ரெண்டு மாசத்துல தூக்கித் தொடச்சு, அதாலயே அந்தத் தீவ அடிப்பான். அதுவரைக்கும் நம்ம சனங்க வலையெல்லாம் இதுல மாட்டிக் கிழியும். உன் கேப்டனுக்கு இந்தக் கடலு தெரியாது. உனக்கும் தெரியாது.

— அப்ப என்னாதான் பண்றது?

— கயித்த வாங்கிக் கட்டு. பாண்டிக்குப் போவல. நேர் கெழக்கால இழுக்கறேன்.

— லைசென்ஸ் போயிடும் மாமா.

— போவட்டும். ஆழம் இருநூறு பாகம் தாண்டுனதும், எவனும் தூக்க முடியாத எடத்துல ஹாரன் அடிப்பேன். வால்வத் தொறந்துட்டு, அந்த மனுசனத் தோள்ல போட்டாவது தூக்கிக்கிட்டு என் போட்டுல குதி. அந்தப் பொண்ணுங்களுக்கு அப்பன் வேணும்.