டாலர் வீட்டுல தனியா இருக்கான்

சாவிதானே? குடுக்குறேன்ப்பா. எங்க ஓடிப்போயிடப் போறேன்? மொதல்ல கீழ நிக்கற உன் வண்டிய ஆஃப் பண்ணிட்டு வந்திருக்கலாம். உள்ள டாலர் தனியா இருக்கான், பயந்துக்குவான்... பேரைப் பாத்தியா, டாலர்! பரத், வைஷ்ணவின்னு ரெண்டு பேரு, கோயமுத்தூர்லேந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்ததுங்க. வேற என்னா பேரு வைக்கும்?

காலைல எட்டுக்குப் போனா ராத்திரி எட்டுக்குத்தான் வரும். அதுவரைக்கும் ஒரு உசுரு சுவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்கணும். அதுக்கு ரெண்டும் யோசிச்சு ஒண்ணு பண்ணுச்சு பாரு... படிச்ச மூளை இல்ல! சொந்தக் குரலைக் கேசட்டுல புடிச்சு, டேப்புல ஓடவிட்டுட்டுப் போயிடும். "டாலர் கண்ணு, அப்பா சாயந்திரம் வந்துருவேன். அம்மாவோட தங்கம் சமத்தாத் தூங்குமாம்." சாயந்திரமாம். எட்டு மணி! ஒரு பக்கம் முடிஞ்சா அதுவே திரும்பி மறுபக்கம் ஆரம்பிக்கும். நாள் பூரா. நேர் கீழ் வீட்டுல நான். பொண்டாட்டி போயி ஆறு வருஷம், என்னை ஒருத்தரும் தங்கம்னு கூப்பிட்டது கெடையாது. அதுக்காகத் தெனம் நூறு வாட்டி தூங்கச் சொன்னா எவனுக்குத் தூக்கம் வரும்?

சிரிக்காதப்பா.

போய்க் கேட்டேன். "ஏம்மா, இது வீடா ரயில்வே ஸ்டேஷனா, ஒரே அறிவிப்பா இருக்கே?"ன்னு. "ஸாரி அங்கிள்"னுச்சு. மறுநாளே டேப் நின்னுச்சு.

நாய் ஆரம்பிச்சுச்சு.

ஊளைன்னா அப்படி ஒரு ஊளை! வியாழக்கிழமை, குழந்தை யேசு கோயில் நவநாளுக்குப் போற சனமெல்லாம் நின்னு மேல பாத்துட்டுப் போச்சு. மூணாவது நாள் பொறுக்கல. எடுத்தேன் பேனாவை. வீட்டுக்காரரு ஓஸ்வால்டுக்கு ரெண்டு பக்கம். நாய் போகணும், இல்ல அதுங்க போகணும். இப்படிக்கு, மதலைமுத்து... ஆமா, நான்தான். வேற எவன் எழுதுவான்?

அந்தாளு லெட்டரைப் படிக்கிற ஆளே இல்லப்பா! குழாய் ஒழுகுதுன்னு எழுதி ரெண்டு வருஷம், இன்னும் ஒழுகுது. நாயின்னதும் பத்தே நாளு, நாய்ங்களை வெச்சுக்கற பண்ணைக்குச் சொல்லி உன்னை அனுப்பிட்டாரு. என்னா சுறுசுறுப்பு!

லெட்டர் போட்ட மறுநாள், நல்லாத் திட்டிட்டு வரலாம்னுதான் மாடி ஏறுனேன். ஜன்னல் கம்பில மூஞ்சிய வெச்சுக்கிட்டு நின்னான். "சும்னே இருடா"ன்னு கன்னடத்துல ஒரு அதட்டுப் போட்டேன். இருந்தான். எறங்குனேன், ஊளை. ஏறுனேன், கப்சிப். எத்தனை வாட்டி ஏறி எறங்கறது இந்த முட்டிய வெச்சுக்கிட்டு? நாற்காலியையே தூக்கியாந்து இங்க போட்டுட்டேன், இதோ. காலைலேந்து பேப்பர் படிச்சுக் காட்டுவேன். தமிழும் கேப்பான், கன்னடமும் கேப்பான். அரசியல் பக்கம் வந்தா மட்டும் கொட்டாவி வுடுவான். விவரம் உள்ளவன்.

ஊளை நின்னு ஒம்போது நாள் ஆச்சு.

...ஓஸ்வால்டுகிட்ட ஏன் சொல்லலையா? எப்படிய்யா சொல்றது? எழுதுனது எழுதுனதுதான்னு நாலு பேருகிட்ட மீசைய முறுக்குனவன், அடுத்த வாரமே நாய்க்கு சிபாரிசு எழுதவா?

இன்னைக்குக் காலைல அந்தப் பொண்ணு சாவியைக் குடுத்துச்சு. "வண்டி வந்தா நீங்களே தொறந்து விட்ருங்க அங்கிள், எங்களால பாக்க முடியாது"ன்னுச்சு. கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. வேற வீடு பாக்கலாம்னா, நாய் வெச்சிருக்கறவங்களுக்கு எவன் குடுக்கறான் இந்த ஊருல? லெட்டர் போட்டது யாருன்னு அதுக்குத் தெரியும். தெரிஞ்சும் அங்கிள்னுச்சுப்பா.

தோ... கொரைக்கறான் பாரு. என்னைப் பாத்து இல்ல, உன்னைப் பாத்து.

சரி, ஒண்ணு பண்ணு. நேரா ஓஸ்வால்டுகிட்டப் போ. கீழ் வீட்டுக் கெழவன் நாப்பது வருஷம் லேத் மெஷின் பக்கத்துல நின்னவன், காது சுத்தமாப் போச்சு, எங்கியோ கேட்ட சத்தத்தை நாயின்னு எழுதிட்டான்னு சொல்லிடு. தெருவே சிரிக்கட்டும், பரவால்ல.

என்னா?

இல்ல, புரியல. சாவியா?

சத்தமாச் சொல்லுப்பா... ஒண்ணுமே கேக்கல.