மைத்துனனின் நெட்டி

பெயர் வழக்குத் தாளின் தலைப்பில் உள்ளபடி. வயது நாற்பத்தொன்று. லிஃப்ட் மெக்கானிக். பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் மனைவியுடன் வசிக்கிறேன். காயம்பட்டவன் அவளுடைய தம்பி.

நான் விடுமுறை நாட்களில் கிளப்பில் போக்கர் போட்டிகள் ஆடுவேன். இந்தப் போட்டியில் முதலிடம் வராவிட்டால் இனி சீட்டைத் தொடக்கூடாது என்று மனைவி சொல்லி, நானும் ஒப்புக்கொண்டு, அதன் பிறகு அவள் எனக்குக் காவலாகத் தம்பியையும் அனுப்பிவைத்தாள். பூனைக்குக் காவல் எலி. அவன் வாயைத் திறக்க மாட்டான். ஆனால் மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. உள்ளே ஏதாவது பொங்கினால் விரலை நெட்டி முறிப்பான். கல்யாண மேடையிலேயே கேட்ட சத்தம் அது.

கடைசி மேசையில் நான்கு பேர் மிஞ்சினோம். என்னிடம் பந்தயக் காய்கள் மிகவும் குறைவு. சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயம் கட்டியே கரைந்துவிடும் நிலை. அப்படிப்பட்டவன் கையில் பெரிய ஜோடி வந்தால் மொத்தத்தையும் தள்ள வேண்டும், யாராவது ஏற்று ஆட வேண்டும், ஜெயித்தால் இரண்டு பங்காகும். எனக்கு ராஜா ஜோடி வந்தது. முதுகுக்குப் பின்னால் நின்று என் சீட்டைப் பார்த்தவனின் நெட்டி முறிந்தது. நான் தள்ளினேன். மூன்று பேரும் சீட்டைக் கீழே வைத்துவிட்டார்கள். எதிரே இருந்த பல் டாக்டர் சிரித்து, "உங்க மச்சினன் தண்டோரா போட்ட பிறகு எவன் சார் வருவான்?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "டேய், அந்தப் பக்கம் போய்த் தொலை" என்றேன். அவன் போய் டாக்டருக்குப் பின்னால் நின்றான்.

அதன் பிறகு எனக்கு ராணி ஜோடி வந்தது. டாக்டர் எனக்கு முன்பே பந்தயத்தை உயர்த்தியிருந்தார். அவர் பின்னாலிருந்து நெட்டி முறிந்தது. அந்த விரல்கள் எனக்குத் தெரியும். ஆனாலும் அக்கா சொல்லிக்கொடுத்து என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறான் என்றே நினைத்தேன். மொத்தத்தையும் தள்ளினேன். டாக்டர் ஏஸ் ஜோடியைத் திருப்பினார். எனக்கு உதவ ஒரு சீட்டும் வரவில்லை.

அதன் பிறகு மைத்துனன் என் பக்கம் வந்து, மேசையில் கையை ஊன்றி, "நான்தான் சொன்னேனே மாமா" என்றான். நான் எழுந்தபோது நாற்காலி தவறி அவன் வலது கைமேல் விழுந்ததில் இரண்டு விரல்கள் முறிந்தன.

மேற்படி வாக்குமூலத்தை ஆய்வாளர் எனக்கு வாசித்துக்காட்டியபோது, 'நாற்காலி தவறி' என்ற இடத்தில், எதிர் பெஞ்சில் கட்டுப்போட்ட கையோடு உட்கார்ந்திருந்த மைத்துனனிடமிருந்து நெட்டி முறியும் சத்தம் கேட்டது. இடது கை. ஆய்வாளர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரே நாளில் இரண்டாவது தடவை அந்த விரல்களை எதிர்த்து ஆட எனக்குத் தெம்பில்லை. நாற்காலி தவறவில்லை. நான்தான் தூக்கி அடித்தேன்.

திருத்தியதையும் வாசிக்கக் கேட்டேன். இப்போது எல்லாம் உண்மை. எதிர் பெஞ்சில் சத்தமில்லை.

(ஒப்பம்)