எருமை நின்ற தூரம்

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் பஸ் ஏறிய இரண்டு வயதானவர்கள் எனக்கு முன் இருக்கையில் அமர்ந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட மூத்தவர் எடுத்த எடுப்பிலேயே, "காட்டெருமை பாக்கேக்க மூச்சு விடக்கூடாது, தம்பி," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"சாம்பியாவில எனக்கு முன்னால நாப்பது அடியில நிண்டது. என்ர கையில இரட்டைக்குழல் துவக்கு. இந்த லண்டனில செய்தது, நூறு வருசப் பழசு."

"பறவை சுடுற துவக்கால எருமை விழுமே, அண்ணை? வன்னியில காட்டுப்பண்டிக்கே நான் ரெண்டு வெடி வைக்கிறனான்."

"விழுந்தது எண்டு ஆர் சொன்னது? வானத்தைப் பாத்து ரெண்டு வெடி வைச்சன். அது திரும்பிப் போட்டுது."

"முதல் சொல்லேக்க முந்நூறு அடி எண்டனீங்கள். போன தீபாவளிக்கு நூறு. இப்ப நாப்பதோ?"

மூத்தவர் கண்ணாடியைத் தொட்டுச் சரி செய்தார்.

"முந்நூறு அடியில நிண்டா எனக்கு இப்ப தெரியாதடாப்பா. தெரியிற தூரத்திலதானே நிப்பாட்ட வேணும்."

இளையவர் அவர் பக்கம் திரும்பினார். "இண்டைக்குக் கண் ஒப்பரேசன் முடியட்டும், அண்ணை. எருமையைத் திரும்பத் தூரத்துக்குக் கலைச்சு விடுவம்," என்றார்.

ஆஸ்பத்திரி ஸ்டொப் வந்தது. இளையவர் மூத்தவரின் முழங்கையைப் பிடித்தார்.

"படி இருக்கு, கவனம்."

"எத்தினை அடியில?"

"காலுக்குக் கீழ."

"அப்ப மூச்சு விடாதை," என்றபடி மூத்தவர் இறங்கினார்.