நாலாம் நம்பர் டகோட்டாவின் வலது பிரேக்

1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 10-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை 10.20 மணிக்கு, சிங்கப்பூரில், சப்-இன்ஸ்பெக்டர் மாணிக்கம் முன்னிலையில் தமிழில் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் மருதப்பன். தகப்பனார் பெயர் முத்துசாமி, செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு வயது முப்பத்து மூன்று. நோரிஸ் ரோடு 41-ஆம் எண் கடைவீட்டின் மேல்மாடியில் மனைவியோடும் ஒரு மகளோடும் குடியிருக்கிறேன். தென்கடல் ஏர்வேஸ் கம்பெனியில் ஏழு வருடமாகக் கோ-பைலட்டாக இருக்கிறேன். அந்தக் கம்பெனி விமானிகள் சங்கத்துக்கு ஒன்றரை வருடமாகச் செயலாளர். எனக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். இருந்தாலும் தமிழில்தான் சொல்வேன் என்று கேட்டுக்கொண்டேன். கம்பெனிக் கடிதங்களைப் படித்துப் படித்து, ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாலே இப்போது எனக்கு ஆத்திரம் வருகிறது.

நான் சொல்வது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்று சப்-இன்ஸ்பெக்டர் எச்சரித்தார். புரிந்தது. இந்த வாக்குமூலத்தால் என் விமானி லைசென்ஸ் போகலாம் என்பதும் எனக்குத் தெரியும். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானே நடந்து வந்தேன்.

கம்பெனி கொடுத்த புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி முதல் மூன்று நாட்கள் எங்கள் சங்கத்து விமானிகள் குறைப் புத்தகத்தில் பொய்யான குறைகளை எழுதி விமானங்களை நிறுத்தி வைத்தார்கள் என்றும், அது பதினான்கு நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் செய்த மறைமுக வேலைநிறுத்தம் என்றும், அதைத் தூண்டியவர் சங்கத் தலைவர் கேப்டன் லிம் என்றும் அதில் இருக்கிறது. தூண்டியவர் லிம் அல்ல. சுற்றறிக்கையை எழுதியவன் நான். தட்டச்சு செய்தவனும் நான். அவர் கேட்டது ஒரே கேள்விதான், “இது சட்டப்படிதானே?” என்று. சட்டப்படிதான் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

குறைப் புத்தகம் என்றால் என்ன என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதால் சொல்கிறேன். ஒவ்வொரு விமானத்திலும் ஒரு புத்தகம் உண்டு. பயணம் முடிந்து இறங்கியதும், விமானத்தில் கண்ட பழுது எதுவானாலும் அதில் எழுத வேண்டும். எழுதிவிட்டால், அதைப் பொறியாளர் சரிசெய்து கையெழுத்துப் போடும்வரை விமானம் தரையைவிட்டுக் கிளம்பக் கூடாது. இது சட்டம். ஆனால் எங்கள் கம்பெனியில் வழக்கம் வேறு. எழுதினால் விமானம் நின்றுவிடும், மறுநாள் பயணம் கெடும் என்பதால், சின்னப் பழுதுகளை எழுதாமல் பொறியாளரிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவோம். அவரும் முடிந்தபோது பார்ப்பார். அடிக்கடி எழுதுகிறவனுக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர் வந்துவிடும். வெள்ளைக்காரக் கேப்டனுக்கு அந்தப் பெயர் வந்தால் சிரித்துவிட்டுப் போவார். கேப்டன் பதவிக்குக் காத்திருக்கும் உள்ளூர்க் கோ-பைலட்டுக்கு வந்தால் அதோடு அவன் கதை முடிந்தது.

சுற்றறிக்கையில் நான் எழுதியது இரண்டே வரி. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து எல்லாக் குறையையும் புத்தகத்தில் எழுத வேண்டும். வாயால் சொல்லக் கூடாது. அதன் பிறகு முதல் நாள் காலையில் கிளம்ப வேண்டிய ஐந்து விமானங்களில் நான்கு, பாயா லேபார் விமான நிலையத்திலேயே நின்றன. பயணிகள் திட்டினார்கள், அது நியாயம்தான். ஆபரேஷன்ஸ் மேனேஜர் திரு. கார்ஸ்வெல் சங்க அறைக்குப் போன் செய்து, இது விமானிகள் சங்கமா, பெட்டிஷன் எழுதுகிறவர்கள் சங்கமா என்று கேட்டார். மூன்று நாளில் மொத்தம் இருபத்து மூன்று குறைகள் எழுதப்பட்டன. அவற்றில் இருபத்தொன்றைக் கம்பெனியின் பொறியாளர்களே பழுது என்று ஒப்புக்கொண்டு, சரிசெய்து, கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மீதி இரண்டில் ஒன்று, விமானக் கடிகாரம் நான்கு நிமிடம் பின்னால் போகிறது என்று கேப்டன் லிம் எழுதியது. உண்மையில் அவருடைய கைக்கடிகாரம்தான் முன்னால் போயிருக்கிறது. அதற்காக அவரை உள்ளே போட முடியும் என்றால் போடட்டும். மற்றொன்று, கோ-பைலட் இருக்கையில் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்பது. அதைக் கேலி என்று கம்பெனி சொல்கிறது. கடிபட்டவன் நான். அது கேலி இல்லை.

ஆகவே குறைகள் பொய் அல்ல. ஆனால், இத்தனை காலம் வாயால் சொன்னவர்கள் திடீரென்று ஏன் எழுத ஆரம்பித்தீர்கள் என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். கம்பெனியும் அதைத்தான் கேட்கிறது. அதற்குப் பதில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. சங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இனி வருவதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஜூன் 11-ஆம் தேதி திங்கட்கிழமை மாலை, நாலாம் நம்பர் டகோட்டா விமானத்தில் மலாயாவின் குவாந்தானிலிருந்து பாயா லேபார் வந்து இறங்கினோம். என்னோடு வந்த கேப்டன் ஒப்பந்தம் முடிந்து இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ஓடுதளத்தில் ஓடும்போது வலது பிரேக் மிதி பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது. இரண்டு மூன்று முறை அழுத்திய பிறகே பிடித்தது. விமானத்தை நிறுத்தியதும், பொறியாளரிடம் சொல்லிவிடு என்று சொல்லிவிட்டுக் கேப்டன் இறங்கிப் போனார். புத்தகம் எழுதுவது பெரும்பாலும் கோ-பைலட்டின் வேலை. நான் பேனாவின் மூடியைத் திறந்துவிட்டேன். அப்போது பொறியாளர் மேலே ஏறி வந்தார்.

“எழுதிடாதே லா, தம்பி. நாலு தடவை பம்ப் பண்ணினா நின்னுரும். காலையில மொத வேலையா நான் பார்த்துக்கிறேன்” என்றார்.

சரி அண்ணே என்றேன். குறை என்ற இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதி மூடிவிட்டேன். அவர் கட்டாயப்படுத்தவில்லை. அந்த வாரம்தான் கேப்டன் பதவிக்கு என் பெயரைச் சிபாரிசு செய்திருந்தார்கள். கம்பெனியில் உள்ளூர்க்காரர்களில் அதுவரை கேப்டன் ஆனவர் லிம் ஒருவர்தான். அந்த நேரத்தில் பயந்தாங்கொள்ளி என்ற பெயரை வாங்க எனக்கு மனமில்லை. வேறு காரணம் எதுவும் கிடையாது.

பொறியாளர் பெயரைச் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். சொல்ல மாட்டேன். வேலை அட்டவணையைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் என்றார். பார்த்துக்கொள்ளட்டும். என் வாயிலிருந்து வராது. பேனா என் கையில் இருந்தது.

மறுநாள் காலை, பிரேக்கை யாரும் பார்ப்பதற்குள், அதே விமானத்தை எடுத்துக்கொண்டு கோத்தா பாரு போன கோ-பைலட், காதர் மைதீன். டன்லப் ஸ்திரீட்டில் இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஃப்ளையிங் கிளப்பில் இருவரும் ஒரே வாத்தியாரிடம் படித்தோம். நான் முதன்முதலாகத் தனியாக விமானம் ஓட்டி இறங்கிய நாளில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். அன்று கோத்தா பாருவில் மழை. விமானத்தை இறக்கியவர் காதர். வலது பிரேக் பிடிக்கவே இல்லை. விமானம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சாக்கடைப் பள்ளத்தில் இறங்கியது. பதினேழு பயணிகளில் ஓர் அம்மாளுக்கு நெற்றியில் மூன்று தையல். காதருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லை.

கம்பெனி விசாரணை செய்தது. முந்திய நாள் புத்தகத்தில் குறை எதுவும் எழுதப்படவில்லை, ஆகவே பிரேக் நன்றாக இருந்தது, ஆகவே குறை ஓட்டியவனிடம் என்று முடிவு கட்டினார்கள். ஜூலை 2-ஆம் தேதி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதன் பிறகு அவர் இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டார். இரண்டு கம்பெனிக்காரர்களும் விசாரணை அறிக்கையை அனுப்பச் சொன்னார்கள். இப்போது மைத்துனருடைய துணிக்கடையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையோடு துணி அளந்து கொடுக்கிறார்.

நான் பார்க்கப் போனபோது அவர் மனைவி ஆமினா பீவி என்னிடம், “அண்ணே, ஆறு வருசமா ஓட்டுறவருக்குப் பிரேக் மிதிக்கத் தெரியலேன்னு எழுதிட்டாங்களே. நீங்க சங்கத்துல இருக்கீங்க. ஏதாச்சும் செய்யுங்கண்ணே” என்றார். செய்கிறேன் என்றேன்.

ஜூலை 16-ஆம் தேதி சங்கத்தின் சார்பில் மேல்முறையீடு செய்தோம். காதருக்காக வாதாடியது செயலாளர் என்ற முறையில் நானே. பிரேக்கில் முன்பே கோளாறு இருந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். திரு. கார்ஸ்வெல் அந்தப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள் என்றார். திறந்திருந்த தாளில், ஒன்றும் இல்லை என்பதன் கீழே இருந்தது என் கையெழுத்து. காதர் என் வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. மேல்முறையீடு தள்ளுபடி ஆயிற்று. வெளியே வந்ததும் காதர் என் முதுகில் தட்டி, “பரவால்ல மருதா, நல்லாத்தான் பேசினே” என்றார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது. ஒன்பது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜூலை 25-ஆம் தேதி அந்தச் சுற்றறிக்கையை எழுதினேன். இனி எவனும் நான் செய்ததைச் செய்யக் கூடாது என்பதற்காக எழுதினேன். சம்பளத்துக்காக இல்லை, கம்பெனியைப் பணிய வைக்கவும் இல்லை. உண்மையைச் சொல்லும் தைரியம் இல்லாதவன் ஊருக்கெல்லாம் சட்டம் எழுதினேன் என்பதும் உண்மைதான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் 7-ஆம் தேதி திரு. கார்ஸ்வெல் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலைநிறுத்தம் செய்யச் சொன்னவர் கேப்டன் லிம் என்று தட்டச்சு செய்த காகிதம் தயாராக இருந்தது. அதில் கையெழுத்துப் போட்டால் 13-ஆம் தேதி எனக்குக் கேப்டன் பரிசோதனை நடக்கும், தோளில் கேப்டனுக்குரிய நாலாவது பட்டை ஏறும் என்றார். போடாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. காகிதத்தை மடித்து அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். பரிசோதனைக்கு வரமாட்டேன் என்று நேற்றுக் கடிதம் அனுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் சப்-இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தி, “மிஸ்டர் மருதப்பன், பிரேக் விஷயம் நாங்க கேக்கவே இல்ல. இதை எழுதாம விட்டாலும் உங்க சங்கத்துப் பக்கம் கேஸ் நிக்கும். யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எழுதாமல் விட்டது ஒரு தடவை போதும், எழுதுங்கள் என்றேன். என் மீது நடவடிக்கை எடுக்க இந்த வாக்குமூலத்தின் ஒரு நகல் விமானப் போக்குவரத்து இலாகாவுக்கும், காதர் மைதீன் விசாரணையை மறுபடி திறக்க ஒரு நகல் கம்பெனிக்கும் போக வேண்டும். அவை போகும்வரை நான் விடமாட்டேன்.

இன்று காலை ஏழு மணிக்கு, இங்கே வருவதற்கு முன், டன்லப் ஸ்திரீட்டுக்குப் போய்க் காதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆமினா பீவி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்திருந்தார். நான் சொல்லி முடித்ததும், குடிக்காத காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். காதர் எழுந்து கடைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டினார். ஒரு கையால் பொத்தான் போட அவருக்கு வரவில்லை. நான் போட்டுவிடப் போனேன். கையைத் தள்ளிவிட்டார்.

“போய் எழுதிக் குடு. அப்புறம் வந்து தொடு” என்றார்.

மேலே உள்ளது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். யாருடைய மிரட்டலுக்கும் ஆசை வார்த்தைக்கும் இதில் இடமில்லை. சொன்னது அத்தனையும் நடந்தது நடந்தபடி. விடுபட்டது பொறியாளர் பெயர் ஒன்றுதான், அதைத் தெரிந்தே விட்டேன்.

(ஒப்பம்) மு. மருதப்பன்
கோ-பைலட்