உள்ளே குறுக்கு, வெளியே நெடுக்கு

ஐயா,

அன்று காலை வீட்டில் இருந்தது நாலு பேர். யார் எங்கே இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நீங்கள் விசாரிக்க வந்தபோது ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி உங்களைக் குழப்பிவிட்டோம். அம்மா கூடத்தில், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்து நாற்காலியில். அங்கிருந்து பார்த்தால் என் அறைக்குள் என் முதுகு மட்டும் தெரியும். தம்பியின் மனைவி என் கட்டில் ஓரத்தில். தம்பி ஜன்னல் திண்டில், கால்கள் அறைக்குள், உடம்பு வெளியே. நான் அவனுக்கு நேர் எதிரே நின்றேன். நடுவில் கண்ணாடி.

அந்த ஜன்னலில் பாதி திறக்கும், பாதி திறக்காது. திறக்காத பாதியை வெளிப்பக்கம் துடைக்க வேண்டுமென்றால், திறந்த பாதியில் ஒருவர் உட்கார்ந்து எட்டித்தான் துடைக்க வேண்டும். மூன்றாவது மாடி. கம்பி கிடையாது, வெளிச்சம் கோடு கோடாக விழும் என்று வீடு கட்டும்போதே நான் வேண்டாம் என்றுவிட்டேன். அதனால் தம்பி எட்டுவான், அவன் மனைவி அவன் கணுக்கால் இரண்டையும் பிடித்துக்கொள்வாள், நான் உள்ளே நின்று அழுக்கு இருக்கும் இடத்தைக் காட்டுவேன். அவள் கல்யாணமாகி வந்ததிலிருந்து இதுதான் வழக்கம்.

கண்ணாடி துடைக்கச் சில முறைகள் உண்டு. இவற்றை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். தண்ணீர் பச்சைத் தண்ணீராக இருக்க வேண்டும். வெந்நீர் ஆகாது, துடைப்பதற்குள் காய்ந்து தடம் விழும். வெயில் நேரே அடிக்கும்போது தொடக்கூடாது. கடைசியில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் தேய்க்க வேண்டும். உள்பக்கத்தைக் குறுக்காகத் தேய்க்க வேண்டும், வெளிப்பக்கத்தை மேலும் கீழுமாக. அப்போதுதான் ஏதாவது கோடு மிச்சமிருந்தால் அது எந்தப் பக்கத்துக் கோடு என்று தெரியும். இல்லையென்றால் இரண்டு பேரும் நாளெல்லாம் "உன் பக்கம்", "என் பக்கம்" என்று நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான்.

வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அது உண்மை. காலைச் சாப்பாட்டின்போது தம்பி ஒன்று கேட்டான், அவ்வளவுதான்.

"அண்ணே, குழந்தை வரப்போகுது. வெளிச்சமான ரூமா இருந்தா நல்லதுன்னு டாக்டர் சொல்றாங்க. நீங்க பின்னாடி ரூமுக்கு மாறிக்கிறீங்களா?"

"அதுக்கென்ன, மாறிக்கிட்டாப் போச்சு" என்றேன்.

"குழந்தை வந்து கண்ணாடி பூரா எச்சிக் கையை வைக்கும். அப்ப இருக்கு உங்களுக்கு வேலை."

அவன் மனைவி சிரித்தாள். "மாமா பொண்ணு பாக்கப் போனப்பவே அந்த வீட்டு அலமாரிக் கண்ணாடியத்தான் பாத்தாராமே?"

"நிஜம்தான்டி" என்றார் அம்மா. "திரும்பி வர்றப்ப 'பொண்ணு எப்படிடா'ன்னு கேட்டா, 'ஒரே தூசி'ன்னான்."

நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான்.

பின்னாடி அறையை நீங்கள் பார்க்கவில்லை. அதற்கும் ஒரு ஜன்னல் உண்டு. பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி, சொரசொரப்புக் கண்ணாடி போட்டது. அதைத் துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் ஒன்றுதான். துடைத்த பிறகு அதன் வழியாகப் பார்ப்பதற்கு எதுவும் கிடையாது.

கையலம்பிவிட்டு வந்து வழக்கம்போல வேலையை ஆரம்பித்தோம். தம்பி திண்டில் ஏறி உட்கார்ந்தான். "சொல்லுங்க மேஸ்திரி, எங்க இருக்கு உங்க அழுக்கு? எறும்புக் காலும் உங்க கண்ணுக்கு யானைக்காலாச்சே" என்றான். நான் காட்டக் காட்ட அவன் துடைத்தான். நன்றாகவே துடைத்தான். முடியும் நேரத்தில் அவன் மனைவியிடம் கொஞ்சம் வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன்.

"காலை விட்டுட்டுப் போகலாமா மாமா?"

"நான் இருக்கேன்ல. போம்மா."

அவள் போனாள். மேல் மூலையில், அவன் கைக்கு எட்டியும் எட்டாத தூரத்தில், ஒரு கோடு இருந்தது. அதைக் காட்டினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு மெல்லியதாகத்தான் கேட்கும். "இங்கயா?" என்றான். இன்னும் மேலே என்று கை காட்டினேன். எட்டித் தேய்த்தான். "போக மாட்டேங்குதுண்ணே." வாயால் ஊதிப் பார்த்தான். மறுபடி தேய்த்தான். "உங்க பக்கம் இருக்கா பாருங்க" என்றான்.

"இல்ல. உன் பக்கம்தான்" என்றேன்.

சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் அவன் திருப்பிக் கேட்டதில்லை. ஒரு கையால் சட்டத்தைப் பிடித்திருந்தான். அந்தக் கையை எடுத்தால்தான் மூலை முழுதாக எட்டும். எடுத்தான். நான் அவனைத் தள்ளவில்லை. அவன் கீழே போகும்போது என் இரண்டு கைகளும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தான் இருந்தன.

வெந்நீரோடு அவள் உள்ளே வந்தபோது நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் உங்களிடம் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "மாமாவுக்கு அதிர்ச்சியில என்ன செய்யறதுன்னு தெரியல சார், பாவம், கண்ணாடியத் தொடச்சிட்டு நின்னாரு." நீங்களும் 'அதிர்ச்சியில்' என்று எழுதிக்கொண்டீர்கள். அந்தச் சொல் சரியல்ல. அதைத் திருத்தத்தான் இந்தக் கடிதம். எனக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை. அந்தக் கோடு குறுக்காக இருந்தது. உள்பக்கத்துக் கோடு. அவன் திண்டில் ஏறும் முன்பே, எண்ணெய் தொட்ட ஈரத்தாளை விரலில் சுற்றி, நானே இழுத்துவைத்த கோடு. ஒரே துடைப்பில் போய்விட்டது.

அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "நான்தான் காலை விட்டுட்டுப் போயிட்டேன்" என்று சொல்கிறாள். அம்மா அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. "புருஷன் காலைப் பிடிக்கத் தெரியாதவளுக்கு வெந்நீர் ஒரு கேடா?" என்று நேற்றுகூடக் கூடத்தில் உட்கார்ந்தபடி சொன்னார். பிரசவமானதும் அவளைப் பிறந்த வீட்டோடு அனுப்பிவிடுவதாகப் பேச்சு. "வெந்நீர் கேட்டது நீங்கதான மாமா, அதையாவது அத்தைகிட்ட சொல்லக்கூடாதா?" என்று அவள் கேட்டாள். நடந்தது நடந்துபோச்சு என்றேன். இவளுக்காகத்தான் எழுதுகிறேன் என்று நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் தினமும் சாயங்காலம் அவள் என் அறைக்கு வந்து அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக் கீழே பார்த்தபடி நிற்கிறாள். உள்ளங்கை இரண்டையும் விரித்து ஊன்றிக்கொள்கிறாள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. போன பிறகு துடைக்கிறேன். மறுநாள் அதே இடத்தில் நெற்றி, அதே இடத்தில் கை. விஷயம் தெரிந்துவிட்டால் அவள் இந்த அறைக்கு வர மாட்டாள் அல்லவா.

நீங்கள் எப்போது வரச் சொன்னாலும் வருகிறேன். மாற்றுத்துணி எடுத்துவைத்துவிட்டேன். நீங்கள் வைக்கப்போகும் இடத்தில் ஜன்னலுக்குக் கம்பிதான் இருக்கும், கண்ணாடி இருக்காது என்று நினைக்கிறேன். அது பரவாயில்லை.

வாசலில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்கிறது. அவள் டாக்டரைப் பார்க்கக் கிளம்புகிறாள். போகிற வழியில்தான் தபால் பெட்டி. "ஏதாவது போடணுமா மாமா?" என்று கேட்கிறாள். ஒரு நிமிஷம் இரும்மா என்றிருக்கிறேன். உறையை ஒட்டி அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். அதற்கு முன்னால் நேற்றைய நெற்றித் தடத்தைத் துடைத்துவிட வேண்டும். உள்பக்கம்தான். பார்த்த உடனேயே தெரிகிறது.